எழுபத்தெட்டு நிமிடம்

ஜனவரி 6, 2025

காலையில் ஒரு வால்வு ஆபரேஷன். ஒரு யூனிட் ரத்தம்கூட ஏற்றாமல் முடிந்தது. டாக்டர் தேவா ஒரு டீ வாங்கித் தந்தார். அவர் பாராட்டு அத்தோடு சரி.

மத்தியானம் புதுப் பட்டியல் வந்தது. மூன்றாவது பெயர்: நாச்சியப்பன், 48, கோட்டையூர். கோட்டையூரில் தெருவுக்கு நாலு நாச்சியப்பன் இருப்பார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்புறம் ஃபைலில் போட்டோவைப் பார்த்தேன்.

முடியெல்லாம் கொட்டிவிட்டது.

ஜனவரி 7

அவர் என்று எழுதுவதா, அவன் என்றா? டைரிதானே. அவன்.

சர்க்கரை. இதயத்தில் மூன்று அடைப்பு. ஹீமோகுளோபின் ஒன்பதுதான். இப்படியே அறுத்தால் அடுத்தவர் ரத்தம் ஏற்ற வேண்டிவரும், புண் ஆறவும் இழுக்கும் என்று டாக்டர் மூன்று வாரம் தள்ளிவைத்தார். இரும்புச்சத்து ஊசி போட்டு, அவன் உடம்பிலேயே ரத்தம் ஊறவிட்டுச் செய்யலாமாம்.

டாக்டரிடம் சொல்லிவிடலாமா? என்னவென்று? இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் இந்தப் பேஷண்ட் என்னைக் கட்டிக்கொள்வதாக இருந்தது, ஆகவே லீவு வேண்டும் என்றா? இங்கே இதய பம்ப் ஓட்ட நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

ஜனவரி 26, ஞாயிறு

சர்ச்சில் பூசையில் மனம் ஒட்டவில்லை.

2003ல் என் பிறந்த நேரத்தை வாங்கிக்கொண்டு போய், கோவிலூரில் ஒரு ஜோசியரிடம் எனக்கு ஜாதகம் எழுதி வந்தான். ஞானஸ்நானம் வாங்கியவளுக்கு ஜாதகம்! நான் சுவாதியாம், பொருத்தமெல்லாம் அமோகமாம், ஆத்தாவிடம் காட்டப்போகிறானாம். இரண்டு பேரும் அப்படிச் சிரித்தோம். இன்றுவரை என் அம்மாவுக்கே என் நட்சத்திரம் தெரியாது.

அவன் ஆத்தா அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அவர்கள் சாதியில் கல்யாணமான ஒவ்வொரு ஜோடியையும் ஒரு புள்ளி என்று கோயிலில் எண்ணுவார்கள். வெளியே கட்டியவனுக்கு அந்த எண்ணிக்கையில் இடமில்லை.

"கோயில்ல நமக்குப் புள்ளி கிடைக்காதாம் ஷீலா" என்றான். அவ்வளவுதான். எனக்காக ஒரு சண்டை போட்டிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டு பஸ் ஏறிப் போனான்.

ஜனவரி 27

உயரம், எடை சரிபார்க்க அவன் அறைக்குப் போனேன். மாஸ்க், தொப்பி. நாளைக்கு மெஷின் பார்ப்பது நான்தான், ஏதாவது கேட்கணுமா என்றேன்.

"ஒண்ணுமில்லங்க" என்றான்.

அவன் மனைவி சாலா ஆச்சிதான் பேசினார். "ரொம்பப் பயப்படுறாக. நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க." சொன்னேன். இதயம் நிற்கிற நேரம் ரத்தம் மெஷின் வழியாக ஓடும், வீணாகாது, எல்லாம் அவருக்கே திரும்பி வரும். அவன் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. நிம்மதி. நிம்மதியா இது? போடி.

ஜனவரி 28

ஹீமோகுளோபின் பன்னிரண்டு. குழாய்களை முடிந்தவரை குட்டையாக வெட்டி, பம்ப்பை டேபிளுக்கு நெருக்கி வைத்தேன். உள்ளே நிரப்புகிற தண்ணி குறைந்தால் ரத்தம் நீர்த்துப்போகாது. இரண்டு நாளாக இதையேதான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

எழுபத்தெட்டு நிமிடம் அவன் இதயம் நின்றிருந்தது. நான் ஓட்டினேன். கறுத்து வந்த ரத்தம் சிவந்து திரும்பிப் போனது.

ஒரு யூனிட்டும் ஏற்றவில்லை. முடிந்த பிறகு, குழாயில் தங்கியதையும் சுத்தம் செய்து அவனுக்கே அனுப்பிக்கொண்டிருந்தேன். கொஞ்சந்தானே கிடக்கிறது, விடு என்றார் டாக்டர்.

"இல்ல சார், அது அவுகளோடது" என்றேன்.

அப்புறம் பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். இத்தனை வருசம் அழாததையும் சேத்து அழுதேன். இன்னமும் பிடிச்சிருக்கே, நான் என்ன செய்ய?

பிப்ரவரி 4

பைபாஸுக்காகக் காலில் ரத்தக்குழாய் எடுத்த இடத்தில் தையல் பிரிந்துவிட்டது. நீர் வடிகிறது. காலுக்கு ஆபத்தா என்று கேட்டேன், ஆறாவிட்டால் ஆபத்துதான் என்றார்கள்.

அன்றைய பம்ப் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். ஓரிடத்தில் அழுத்தம் இறங்கியிருக்கிறது, இரண்டே நிமிடம். அந்த ரெண்டு நிமிசந்தானா? நான்தானா? சர்க்கரைக்காரருக்குப் புண் இப்படித்தான் படுத்தும், போய் வேலையைப் பார் என்று டாக்டர் விரட்டினார்.

பிப்ரவரி 5

ஆறவில்லை.

பிப்ரவரி 10

கட்டுப் பிரிக்கும்போது வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். ஓரமெல்லாம் சிவப்பாகப் புதுச் சதை. ரத்தம் போய்ச் சேருகிறது. இனி ஆறிவிடும்.

முகத்தைப் பார்க்கவில்லை. காலை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 17

டிஸ்சார்ஜ். வார்டில் எல்லாருக்கும் அவன் கைகூப்பி நன்றி சொன்னானாம். பம்ப் ஓட்டியவளை எந்தப் பேஷண்ட் தேடுவான்? நான் ரூமில் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

சாலா ஆச்சி வாசலுக்கே வந்துவிட்டார். கையில் ஒரு சீட்டு. நாளைக்குப் பிள்ளையார்பட்டியில் வைத்தியம் பார்த்த எல்லார் பேருக்கும் அர்ச்சனையாம். "அவுகளே எழுதிக் குடுத்தாக. பேரு மட்டுந்தான் இருக்கு, நட்சத்திரம் இல்ல. ஒவ்வொருத்தர்ட்டயா கேட்டுக்கிட்டு வாரேன். உங்களுக்கு மட்டும் அவுகளே போட்டுட்டாக. சரியான்னு பாருங்க."

வாங்கிப் பார்த்தேன். அதே சாய்ந்த எழுத்து. டாக்டர் தேவா, மயக்க மருந்து டாக்டர், நர்ஸுகள். எல்லாப் பெயர்களுக்கும் எதிரே ஆச்சி பேனாவால் நட்சத்திரம் எழுதியிருந்தார். கடைசி வரி மட்டும் முழுக்க அவன் கையெழுத்து.

ஆரோக்கிய ஷீலா — சுவாதி.

அப்படியானால் அன்றைக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் ஒண்ணுமில்லங்க என்றானா? தெரிஞ்சுதான் ஜன்னலப் பாத்துக்கிட்டு இருந்தானா? பாவி.

"சர்ச்சுக்குப் போற வேதக்காரவுகளுக்கும் நட்சத்திரம் பாப்பாகளா?" என்று கேட்டார் ஆச்சி. சந்தேகமாகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டார்.

"சரியாத்தான் இருக்கு" என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

அவர் அங்கேயே நின்று, விரல் வைத்து மேலிருந்து கீழ்வரை ஒருமுறை எண்ணினார். ஏழு பேர் என்றார். என்னையும் சேர்த்து.