ரவிக்கைகளுக்கு நடுவே ஒரு பள்ளிக்கூடம்

என்னை "டேய்" என்று கூப்பிடும் உரிமையை மேலுலகத்துக்கும் எடுத்துக்கொண்டு போய்விட்ட என் அக்காவுக்கு,

மயிலாப்பூர் ரவிக்கைகளின் சக்கரவர்த்தி, இரண்டு தையல் மெஷின்களின் ஏகபோக அதிபதி, உன் தம்பி எழுதுகிறேன். சக்கரவர்த்திக்கு இடுப்பு வலி. மிதித்து மிதித்துக் கால் இரண்டும் இரும்பாகவே ஆகிவிட்டன. சொல்லி அழ நீ இல்லை.

உன் மகள் செல்வியை ஆடி மாதமே பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. நீ போனதிலிருந்து அவள் வாயே திறப்பதில்லை. பெயர் கூப்பிட்டால் "உள்ளேன்" சொல்லவில்லை என்று வெயிலில் நிற்க வைத்தார்கள். ஒரு நாள் அதைப் பார்த்தேன். மறுநாளிலிருந்து வீட்டுப் படிப்புதான்.

பம்பாயிலிருந்து அத்தான் எழுதினார்: பொங்கலுக்கு வருவாராம், அதற்குள் பிள்ளை படிப்பிலும் பேச்சிலும் தேறவில்லை என்றால் ஹாஸ்டலில் சேர்த்துவிடுவாராம். கடிதத்தைப் படித்துக் காட்டியதும் என் சட்டை நுனியைப் பிடித்தவள், சாப்பிடும்போதுகூட விடவில்லை.

உடனே ஈரேழு உலகமும் காணாத ஒரு பல்கலைக்கழகத்தைத் தொடங்கினேன். ஏழு மணிக்குக் கணக்கு, எட்டுக்குத் தமிழ், ஒன்பதுக்குப் பூகோளம். பாடம் மாறும்போதெல்லாம் பூஜை மணியை எடுத்து அடிப்பேன். பக்கத்துக் குடித்தனத்துப் பெரியவர் ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வார். ஒரு நாள் தீர்த்தத்துக்குக் கையை நீட்டிக்கொண்டே வந்துவிட்டார். பூமத்திய ரேகையை எப்படி உள்ளங்கையில் ஊற்றுவது?

செல்வி பேசவில்லை. சொன்னதைப் பத்து முறை எழுதினாள். எனக்கும் அது வசதி. அவள் எழுதி முடிப்பதற்குள் ஒரு ரவிக்கை முடிந்துவிடும். தீபாவளி நெருங்க நெருங்கப் பத்து இருபதாயிற்று, முப்பதாயிற்று.

ரவிக்கை கேட்டு வந்த மீன்காரம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னா மாஸ்டரு, கொயந்த மூஞ்சி இப்டி வாடிக் கீது? மணி அட்ச்சிக்கினே கீற, எய்த வெச்சிக்கினே கீற. இஸ்கூல்லயாவது லீவு உடுவாங்க நைனா!"

"பொங்கலுக்குள்ள இவ கலெக்டர் ஆவணும் தாயே."

"நீ மொதல்ல மாமனா இரு. கலெக்டரு அப்பால ஆவட்டும்."

சிரித்து மழுப்பினேன்.

எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும். ஆர்டர் துணியில் நகமளவு வெட்டி, சீட்டில் குண்டூசியால் குத்தி, கம்பியில் கோர்த்து வைப்போம். அன்று சாயங்காலம் கம்பியில் நான் எழுதாத ஒரு சீட்டு இருந்தது. குத்தியிருந்தது அவளுடைய நீலப் பாவாடையின் ஓரம். கீழே கோணல் எழுத்து: "பெயர்: செல்வி. எப்போது வேண்டும்: மாமாவுக்கு நேரம் இருக்கும்போது."

ஊரார் ரவிக்கைகளுக்கெல்லாம் பின்னால் தன்னையே வரிசையில் வைத்திருக்கிறாள், அக்கா. "அவசரம்" என்றுகூட எழுதவில்லை. இந்தப் பொறுமையை அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? நீயா, நானா?

மணியைச் சாமி அலமாரியிலேயே திருப்பி வைத்துவிட்டேன். "தீபாவளி ஆர்டர் எடுப்பதில்லை" என்று பலகை மாட்டினேன். பாதி வாடிக்கை தேனாம்பேட்டைக்குப் போய்விட்டது. காலையில் இருவரும் சாந்தோம் கடற்கரைக்கு நடக்கிறோம். ஒரு பாடத்துக்கு மூன்று நாள் ஆகிறது. பூகோளம் இன்னும் அடையாற்றைத் தாண்டவில்லை.

நேற்று பழக்கதோஷத்தில் முன்னால் விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"மெதுவா நட மாமா. எனக்குக் கால் வலிக்குது."

எத்தனை மாதம் கழித்து! அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். அவளும் உட்கார்ந்தாள். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை.

இந்த ஒரு வாக்கியம் அத்தானுக்குப் போதுமா? தெரியவில்லை. அசதியாக இருக்கிறது. ஆனால் ஒன்று மட்டும் உறுதி. அவர் வந்து இறங்கும்போது அவள் கையைப் பிடித்தபடி சென்ட்ரலில் நிற்பேன். சக்கரவர்த்தி, பல்கலைக்கழகம் என்று எதுவும் அளக்க மாட்டேன். இன்னும் ஒரு வருஷம் இவளை என்னிடம் விடுங்கள் என்று கெஞ்சுவேன். உன் தம்பி கெஞ்சி நீ பார்த்ததே இல்லை; அன்று பார்.

இப்படிக்கு,
உன் தம்பி, செல்வியின் தாய்மாமன்