மூன்றாம் போகத்துக்கு முன்னால்

இன்று காலை உன் மகள் கொண்டுவந்த பயற்றங்காயைக் கழுவி முடித்துவிட்டேன். கையில் இன்னும் பூச்சிமருந்து மணக்கிறது. சவர்க்காரம் போட்டாலும் லேசில் போகாத நெடி. காய் மட்டும் ஒரு பொட்டில்லாமல் பளபளவென்று இருக்கிறது. நீ கண்ணை மூடி ஆறு மாதமாகிறது. நான் இன்னும் அழவில்லை. சமைக்கிறேன், சாப்பிடுகிறேன், நித்திரையும் வருகிறது. ஏன் இப்படி மரத்துப்போனேன் என்று தெரியவில்லை.

அன்புவழிபுரத்தில் என் சோற்றுப் பார்சல் கடைக்கு எத்தனையோ வருடம் நீ மரக்கறி தந்தாய். தம்பலகாமத்தில் உன் தோட்டத்துக்கு நான் வந்தது ஒரே ஒரு நாள்தான். கிணற்றடியில் தனியாக நாலு வரிசைப் பயற்றங்கொடி நின்றது. காயெல்லாம் புழு அரித்திருந்தது.

"இதுக்கு மருந்தடிக்கிறேல்ல. இது எங்கட வீட்டுக்கு" என்றாய்.

"அப்ப எனக்கு அனுப்புறது?"

நீ மறைக்கவில்லை. "அது விக்கிறதுக்கு. எல்லாரும் அப்பிடித்தானடி செய்யினம்."

அன்று உன்னைச் சும்மா விடவில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களும் ஓட்டோக்காரரும் என்னிடம் வாங்கிச் சாப்பிடுகிறார்கள், அவர்கள் மட்டும் நஞ்சைத் தின்ன வேண்டுமா என்று பெரிய நியாயக்காரி போலக் கேட்டேன். நீ சிரித்தாய்.

"சரி, நிப்பாட்டுறன். ஆனா புழு தின்ட காயையும் நீ வாங்கோணும். புழுவைத் தின்னுற நல்ல பூச்சியள் திரும்பி வந்து தோட்டம் தேற மூண்டு போகம் பிடிக்கும். ஏலுமே?"

"ஓம்" என்றேன், யோசிக்காமல்.

முதல் போகம் வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்துத் தெளித்தாய். பாதி புழுவுக்கு, பாதி எனக்கு. ஓட்டையை வெட்டி எறிந்துவிட்டுச் சமைத்தேன். நீயும் விலையை ஏற்றவில்லை, நானும் ஏற்றவில்லை. "நல்ல சாப்பாடு காசுக்காரருக்கு மட்டுமெண்டா என்னத்துக்குத் தோட்டம்?" என்பாய். இரண்டாம் போகத்தில் ஒருவர் கறிக்குள் புழுவைக் கண்டு பார்சலைத் திருப்பி வைத்துவிட்டுப் போனார். மறுநாள் அவரோடு வருகிறவர்களும் வரவில்லை. எனக்குப் பயம் பிடித்துவிட்டது. உனக்குச் சொல்லாமல் சந்தையில் வழவழவென்ற காய் வாங்கத் தொடங்கினேன். நீ அனுப்பியதைப் பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அறிவிக்காமல் வந்து நின்றாய். வேலிக்கு அப்பால் மாடு உன் பயற்றங்காயை மென்றுகொண்டிருந்தது. கத்துவாய் என்று நினைத்தேன். "தேத்தண்ணி இருக்கோ?" என்று கேட்டு, குடித்துவிட்டு எழுந்தாய்.

"இனி மருந்தடிச்சே அனுப்புறன். நீ ரெண்டு இடத்தில வாங்கி அலையாத."

நீ கோபப்பட்டிருந்தால் நான் மன்னிப்புக் கேட்டிருப்பேன். அதற்கும் இடம் வைக்கவில்லை நீ.

பிறகு மருந்து டாங்கியை நீயே முதுகில் கட்டிக்கொண்டு வாய்க்குத் துணிகூடக் கட்டாமல் அடித்தாய். உனக்கு மூச்சிழுப்பு வந்ததும் ஆஸ்பத்திரியில் கிடந்ததும் அதனால்தானா என்று எனக்குத் தெரியாது. டொக்டர் சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை.

காலையில் உன் மகள் பையை இறக்கிவிட்டுப் போகாமல் நின்றாள்.

"அன்ரி, அம்மா ரெண்டு போகம் மருந்தில்லாம செய்தவ. பேந்து ஏன் விட்டவ? இன்னும் ஒரு போகம் பொறுத்திருந்தா சரிவந்திருக்கும். உங்களுக்கு ஏதும் சொன்னவவே?"

"தெரியாது பிள்ளை" என்றேன்.

அவள் நம்பிவிட்டாள். வருகிற போகம் தோட்டம் முழுக்க மருந்தை நிறுத்தப் போகிறாளாம். "நீங்கள் விடாம வாங்குவீங்கள்தானே?" என்று கேட்டாள். அடுப்பில் சோறு கொதிக்கிறது என்று சொல்லிக் குசினிக்குள் போய்விட்டேன். வாங்குவேன் என்று சொல்வதானால், முதலில் அந்த மாட்டைப் பற்றி அவளுக்குச் சொல்ல வேண்டும்.