மெழுகுதிரி மாஸ்டருக்கு

மாஸ்டர்,

இன்று காலை முகத்துவாரத்திலிருந்து ஒரு தாய் தன் ஆறு வயது மகளைப் பேச்சுப் பழக்க என்னிடம் கூட்டிவந்தாள். கையில் ஒரு பெட்டி மெழுகுதிரி. "பிள்ளைக்கு அண்ணம் பிளந்திருந்தது, தைச்சாச்சு. கதைச்சா இன்னும் மூக்காலதான் காத்துப் போகுது. மெழுகுதிரி ஊதப் பழக்கினாச் சரிவருமெண்டு சொன்னவை," என்றாள். பெட்டியைத் திறந்தாள். உங்கள் வீட்டின் அதே மணம். நீங்கள் செத்து இரண்டு வருடமாகிறது, உங்கள் மடத்தனம் இன்னும் சாகவில்லை.

போனவர்களைக் குறை சொல்லக்கூடாதாம். நான் சொல்வேன்.

எனக்கும் அதே பிளவு, அதே தையல். நான் ஆசைப்பட்டது ஒன்றுதான். கொட்டாஞ்சேனை பேக்கரிக் கடையில் "ஒரு ராத்தல் பாண்" என்று நானே கேட்க வேண்டும், கடைக்காரர் அதை மூக்கால் திருப்பிச் சொல்லிச் சிரிக்கக்கூடாது. அதற்காகத்தான் அப்பா என்னை ட்ராமிலும் ரயிலிலும் ஏற்றி, வெள்ளவத்தையில் உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். கவர்னருக்கு முன்னால் பேசும் பிள்ளைகளை உருவாக்கியவராம் நீங்கள்.

"மூச்சு காணாது. பலமா ஊது பிள்ளை," என்றீர்கள். மூன்று வருடம் ஊதினேன். நான்கடி தூரத்துத் திரியை நான் அணைத்த அன்று அப்பாவைக் கூப்பிட்டு வித்தை காட்டினீர்கள். அவர் கைதட்டினார். வரும் வழியில் கடையில் பாண் கேட்டேன். காற்று முன்னைவிடப் பலமாக மூக்கால் சீறியது. கடைக்காரர் சிரித்தார். அப்பா நிலத்தைப் பார்த்தபடி நின்றார். அந்தப் பார்வைக்காக உங்களை நான் மன்னிக்கவேயில்லை.

நீங்கள் மீசை கத்தரிக்கும் கைக்கண்ணாடியை ஒருநாள் என் மூக்கின் கீழ் பிடித்து, "பாருங்கோ, ஆவி முழுக்க மூக்கால வருது," என்று மற்றப் பிள்ளைகளைச் சிரிக்கவைத்தீர்கள். பார்த்தது நீங்கள், விளங்கியது எனக்கு. காற்றுக்குக் குறைவில்லை, அது போகும் வழிதான் பிழை. வீட்டில் மூக்கைப் பொத்திக்கொண்டு, மெல்ல "ஹா" என்று காற்றை விட்டு, அந்தக் காற்று போகப் போகவே உதட்டை மூடித் திறந்தேன். பிறகு மூக்கைப் பொத்தாமல். பல மாதம் கழித்து, கண்ணாடியில் ஆவி படியாமல் ஒரு "பா" வந்தது. அடுத்த நாள் பாணும் வந்தது.

இன்று அந்தச் சிறுமியும் மூக்கைப் பொத்தியபடி ஒரு "பா" சொன்னாள். தாய் அழுதாள். மெழுகுதிரியை மாதா கோயிலில் ஏற்றச் சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.

"உங்களுக்கு ஆர் பழக்கினது?" என்று கேட்டாள்.

"ஒருத்தருமில்லை," என்றேன்.

உங்கள் கண்ணாடியை வீடெல்லாம் தேடினீர்களாம். களவெடுத்தது நான்தான். இப்போதும் என் கையில்தான் இருக்கிறது. உங்கள் வீட்டில் உருப்படியாக இருந்தது அது ஒன்றுதான்.