பாட்டு முடிந்த பிறகும்

அன்பு அக்கா மகளுக்கு,

மாமா இங்கே ராஜா மாதிரி இருக்கிறேன். எந்த ராக் குழுவில் டிரம்ஸ்காரன் வராவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். என் அடியில் ஒருமுறை மண்டபத்துக் கண்ணாடியே விரிசல் விட்டது. சத்தியம்!

போன வாரம் ஒரு அதிசயம். பாட்டு முடிந்து எல்லாரும் நிறுத்திவிட்டார்கள், நான் மட்டும் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தேன். கூட்டம் வாயைப் பிளந்தது. பாடகன் ஓடிவந்து என் கைகளைப் பிடித்துக்கொண்டான். "போதும் மாமா, பாட்டு முடிஞ்சிருச்சு" என்றானாம். கிட்டார்காரன் அதைத் தாளில் எழுதிக் காட்டினான். என் புகழ் தாங்காமல் இப்போது என்னை ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டார்கள்.

நேற்று வீடியோவில் உன் குழந்தையைக் காட்டினாய். வாய் பெரிதாகத் திறந்திருந்தது. "அடேயப்பா, என்ன குரல்! அப்படியே நம்ம குடும்பக் குரல்!" என்றேன். உன் முகம் ஏன் அப்படி மாறியது? கொட்டாவியா அது?

போன் பழசு, அதுதான் கோளாறு. அக்காவிடம் ஒன்றும் சொல்லாதே.

வரும்போது பிள்ளையை என் நெஞ்சின்மேல் படுக்க வை. நன்றாக அழட்டும், தூக்கிவிடாதே. நெஞ்சு அதிர்ந்தால் எனக்குப் போதும்.

இப்படிக்கு,
கண்ணாடி உடைத்த மாமா