கல்யாணக் கவுனுக்கு வந்த அளவு

அன்பு மருமகளுக்கு, பெற்ற தகப்பன் இடத்திலிருந்து உன் மாமா எழுதுவது. இங்கே உன் அம்மா, உன் அத்தை, நான் மூன்று பேருக்கும் கை கால் எல்லாம் இருக்கிற இடத்தில் இருக்கிறது, நெஞ்சு மட்டும்தான் நேற்று மத்தியானத்திலிருந்து இருக்கிற இடத்தில் இல்லை, அங்கே நீ எழுந்து உட்கார்ந்துவிட்டாய், கஞ்சியோ ரொட்டியோ ஏதோ உள்ளே போயிற்று என்று தெரிந்தால்தான் திரும்பி வரும் போலிருக்கிறது. நீ போனை எடுக்கவில்லை, அதனால் நான் பேனாவை எடுத்தேன். நான் எட்டாவதோடு நின்றவன் என்றாலும் நான் வேலை பார்த்த லாரி எடைமேடையில் மேலிடத்துக்கு மனு எழுத வேண்டுமென்றால் மேனேஜரே நாற்காலியை எனக்கு ஒழித்துக் கொடுப்பார், படித்துவிட்டு மேலதிகாரி கர்ச்சீப் தேடுவார். எழுத்து இன்றைக்குக் கோணலாக இருந்தால் அது அவசரம், படிப்புக் குறைவு இல்லை.

முதலில் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். நீ வெளிநாடு போன பிறகு உன் அம்மா வீட்டிலேயே கவுன் தைக்க ஆரம்பித்தது உனக்குத் தெரியும், ஆனால் அது எவ்வளவு பெரிதாகிவிட்டது என்று உனக்குத் தெரியாது. கறுப்பு வெள்ளைப் படத்துக் காலத்துக் கவுன், அகலக் காலர், துணி சுற்றின பொத்தான், இடுப்பில் பிடித்துக் கீழே மணி மாதிரி விரியும், அதெல்லாம் ஒல்லியாக இருப்பவர்களுக்குத்தான் என்று கடைக்காரன் முடிவு பண்ணி வைத்திருக்கிறான். பெரிய உடம்புக்காரி வாசற்படி மிதிக்கும்போதே உங்க சைஸ் இல்லைங்க என்பான். அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எல்லாரும் இப்போது நம் வீட்டு முன்னறையில்தான். நம் தெருவிலே கார் நிறுத்த இடம் கிடையாது, பக்கத்துத் தெருவிலும் கிடையாது என்று வைத்துக்கொள். துணிக்கடைக்காரன் ஒருநாள் உன் அம்மா வாங்கின துணியைப் பார்த்து, என்னம்மா ஜன்னல் திரைக்கா என்று கேட்டிருக்கிறான். அவள் சொன்னாளாம், இல்லப்பா, உடுத்தத்தான், உன் கடை பொம்மைக்குத்தான் பசி கிடையாது, எங்களுக்கு உண்டு. அந்தப் பதிலை நான்தான் சொல்லிக் கொடுத்தேன் என்று உன் அத்தையிடம் சொன்னேன், அவள் நம்பவில்லை.

தையல் பொம்மையும் அப்படித்தான், வாங்கப் போனால் எல்லாம் கொத்தவரங்காய். பெரிய உடம்புக்கு நம் வீட்டில் நான்தான் பொம்மை. ஸ்டூல் மேல் ஏறி நின்று கவுனை மாட்டிக்கொள்வேன், உன் அம்மா கீழே உட்கார்ந்து விளிம்பு மடித்து ஊசி குத்துவாள். கேஸ் சிலிண்டர் போட வந்தவர் ஒருநாள் என்னைப் பார்த்துவிட்டு, சிலிண்டரை வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். ரிட்டயரான பிறகு உங்களுக்கு ஒரே ஒரு வேலை கிடைச்சுது, அசையாம நிக்கிறது, அதையும் ஒழுங்காச் செய்யத் தெரியலை என்று உன் அத்தை தினமும் சொல்கிறாள். அவளுக்குத் தெரியாது, என்னை மாதிரி நிற்க இன்னொருவன் பிறக்க வேண்டும்.

இப்படியிருக்க உன் கல்யாணத்துக்கு அம்மாவே தைக்கட்டும் என்று நீ சொன்னதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கருநீலத்தில் சின்ன வெள்ளைப் புள்ளி, நீ படத்தில் காட்டின அதே காலர், அந்தத் துணிக்காக எத்தனை கடை ஏறி இறங்கினாள். நீ போனில் அனுப்பின அளவைப் பார்த்துவிட்டு டேப்பை இரண்டு தடவை தரையில் விரித்துப் பார்த்தாள். அண்ணே, இளைச்சுட்டா போலிருக்கே, அங்கே சாப்பாடு ஒத்துக்கலையோ என்று கேட்டாள். நான்தான் அந்த ஊரிலே எல்லாரும் நடப்பார்கள், பிரதமர்கூட நடந்துதான் ஆபீஸ் போவார், நடந்தால் இளைக்காதா என்று விளக்கம் சொன்னேன். அவளும் நம்பித் தைத்தாள். கழுத்துக்குக் கையாலேயே தையல் போட்டாள், மிஷின் தொட்டால் முரடாகிவிடுமாம்.

நேற்று மத்தியானம் விளிம்பு மட்டும்தான் பாக்கி. உனக்கும் எனக்கும் ஒரே வாகு, நம் வம்சத்து உடம்பு, நீ காலேஜ் போகும்போதே உன் துணியை எனக்கு மாட்டித்தான் விளிம்பு பார்ப்பாள். அதே மாதிரி ஸ்டூலில் ஏறி, கையைத் தூக்கி, தலை வழியாகக் கவுனை இறக்கினேன். அக்குள் வரைக்கும் வந்தது, அதோடு நின்றுவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. தூக்கின கை தூக்கினபடி, தலை துணிக்குள்ளே, வாயில் லைனிங். உன் அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். நான் துணி சுருங்கியிருக்கும் என்று உள்ளேயிருந்தே சொன்னேன். உன் அம்மா சிரிக்கவில்லை. அண்ணே, உங்களுக்கே இப்படின்னா, எவ்வளவு இளைச்சாலும் அவளுக்கு எப்படி உள்ளே போகும் என்றாள். அந்த நேரம் பார்த்து என் சட்டைப் பையில் போன் அடித்தது. உன் அத்தை எடுத்து ஸ்பீக்கரில் போட்டுக் கவுனுக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

மாப்பிள்ளைதான். மாமா, தனியா இருக்கீங்களா என்று கேட்டார். எனக்கு நாலு பக்கமும் நீலத் துணியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை, அதனால் தனியாத்தான் இருக்கேன், சொல்லுங்க மாப்பிள்ளை என்று கம்பீரமாகச் சொல்லிவிட்டேன். அப்புறம் அவர் சொன்னது. நீ ஆபீஸ் படிக்கட்டில் மயங்கி விழுந்தது, கூட வேலை பார்ப்பவர்கள் தூக்கிக்கொண்டு போனது, டாக்டர் வயிற்றில் ஒன்றுமே இல்லையே என்று கேட்டது. ஏன் என்று இவர் கேட்டதற்கு நீ சொன்ன பதில். அம்மாவுக்கு நான் கொடுத்தது இப்போ இருக்கிற அளவு இல்லை, கல்யாணத்தன்னிக்கு இருக்கப் போற அளவு, அந்தக் கவுனுக்குள்ளே நான் போயாகணும். மாமா, அவங்க அம்மா காதுக்கு மட்டும் போகக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கா என்று முடித்தார்.

கண்ணு, எடைமேடையில் லாரி ஏறும் முன்பே பாரம் எவ்வளவு என்று சொன்னவன் நான், இப்படி ஒரு பாரம் வந்து இறங்கும் என்று சொப்பனத்தில்கூட நினைக்கவில்லை. அத்தையின் சிரிப்பு பாதியில் அறுந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை, காது மட்டும்தான். உன் அம்மா வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தகர டப்பாவில் போடுகிற சத்தம் கேட்டது. டிங், டிங் என்று. எல்லாம் போட்டு முடித்தாள். அப்புறம் என் முதுகில் ஜில்லென்று கத்தரிக்கோல். அடியே, தையலைப் பிரிச்சாப் போதுமே, நல்ல துணியாச்சே என்று கத்தினேன். அவள் சொன்னாள், பிரிச்சா மறுபடி தச்சுடுவேன் அண்ணே. சொல்லிக்கொண்டே கீழேயிருந்து கழுத்து வரைக்கும், தையல் பக்கமே போகாமல், நட்ட நடுவில் துணியை வெட்டிவிட்டாள். கவுன் பிளந்து கீழே விழுந்தது. நான் வெளியே வந்து பார்க்கிறேன், அவள் முகத்தில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருந்திருக்கும். போனை வாங்கி, அவ இப்போ எழுந்து உட்கார்ந்தாளா தம்பி என்று மட்டும் கேட்டாள். தூங்குகிறாள் என்றார். சரிப்பா என்று வைத்துவிட்டாள். மாப்பிள்ளைமேல் நீ கோபப்படாதே, அவர் ரகசியமாகத்தான் சொன்னார், வீடு முழுக்கக் கேட்டது எங்கள் பக்கத்துக் கோளாறு.

சாயங்காலம் ஸ்கூல் பஸ் ஓட்டுகிற பெண் கவுன் போட்டுப் பார்க்க வந்தாள். உன் அம்மா முதல் தடவையாக ஒருத்தியைப் பார்த்து, இன்னிக்கு முடியாதும்மா என்று சொன்னாள். என்னக்கா ஆச்சு என்று கேட்டதும், உடம்புக்கு ஏத்த துணின்னு ஊருக்கெல்லாம் தச்சேன், என் பொண்ணு துணிக்கு ஏத்த உடம்பைத் தேடிப் போயிட்டா என்றாள். அந்த பஸ்காரி பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள், நானும் என் கல்யாணத்துக்கு அப்படித்தான் பட்டினி கிடந்தேன் அக்கா, ஒரு போட்டோவிலும் சிரிச்சிருக்க மாட்டேன், பார்க்கிறவங்க மாப்பிள்ளை பிடிக்கலையான்னு கேக்கறாங்க, பசின்னு யார்கிட்ட சொல்ல. இதை நான் கூட்டி எழுதவில்லை, அவள் சொன்னது அப்படியே.

அதற்கப்புறம் வந்ததுதான் எனக்கு இரண்டாவது அடி. கல்யாணத்துக்கு நீங்க போறீங்கல்ல அக்கா என்று அவள் கேட்டாள். முட்டி வலி, பிளேனில் அவ்வளவு நேரம் உட்கார முடியாது என்று உனக்குச் சொன்ன காரணத்தைத்தான் சொல்வாள் என்று பார்த்தேன். உன் அம்மாவோ, எனக்கு முட்டியில் ஒன்றும் இல்லை, சீட்டில் உட்கார்ந்து பெல்ட் பத்தாமல், எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று பயந்துதான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன் என்றாள். கூடவே இருக்கிற அண்ணன் நான், எனக்கே இது தெரியாது. பஸ்காரி சிரித்துவிட்டாள், கேட்டா பெல்ட்டுக்கு ஒட்டுத் துண்டு தருவாங்கக்கா, நான் வாங்கி மாட்டியிருக்கேன், ஒருத்தரும் பார்க்கலை, எல்லாருக்கும் சாப்பாட்டு வண்டி மேலதான் கண்ணு என்றாள்.

இன்றைக்குக் காலையில் உன் அம்மா கடை திறக்கும் முன்பே போய் நின்று துணி வாங்கி வந்தாள், கருநீலம் கிடைக்கவில்லை, அடர் சிவப்பு. வெட்டவில்லை. மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாள். நீ முன்னாலேயே ஏற்பாடு செய்த விசா சும்மாதானே கிடந்தது, என்னை அனுப்பி டிக்கெட் போடச் சொன்னாள், போட்டுவிட்டேன், ஒட்டுத் துண்டு வேண்டும் என்று டிக்கெட் போடுகிற பையனிடம் நானே உரக்கச் சொல்லி எழுத வைத்தேன், ஆபீஸ் முழுக்க எழுந்து நின்று மரியாதை செய்தது. அவள் அங்கே வந்துதான் உனக்கு அளவு எடுப்பாள், அங்கேயே தைப்பாள். யாரிடமாவது ஒரு தையல் மிஷின் கேட்டு வை. கை மிஷினாக இருந்தாலும் போதும் என்கிறாள்.

நீ பொய் அளவு கொடுத்ததை யாரும் உன்னிடம் கேட்கப் போவதில்லை, முட்டி வலி என்று சொன்னவள் கேட்கவும் முடியாது. ஆனால் இந்தக் கடிதம் கையில் கிடைக்கிற நேரம் எதுவாக இருந்தாலும் முதலில் போய்ச் சாப்பிடு, பிறகு மிச்சத்தைப் படி. காபி சாப்பாடு ஆகாது. மாடிப்படி ஏறாதே, லிஃப்டில் போ. போன் அடித்தால் எடு, திட்ட மாட்டாள், குரலைக் கேட்கத்தான். மாப்பிள்ளையையும் நன்றாகப் பார்த்துக்கொள், சத்தியத்தை மீறினாலும் நல்ல பிள்ளை.

நீயும் அவரும் மனம் நிறைந்து, வயிறும் நிறைந்து, நீண்ட காலம் வாழ எங்கள் எல்லாருடைய ஆசீர்வாதம். உன் அத்தை தனியாக முத்தம் சொல்லச் சொன்னாள். உன் அம்மாவிடம் ஏதாவது எழுதணுமா என்று கேட்டேன். பிளேன் இறங்குகிற அன்றைக்கு வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு என்னை அழைக்க வரச் சொல்லுங்கள், கட்டிப் பிடிக்கும்போதே பாதி அளவு எடுத்துவிடுவேன் என்றாள்.

இப்படிக்கு,
உன் மேல் உயிரையே வைத்திருக்கும்
மாமா