நீல அங்கி போட்டுக்கொண்ட நாட்கள்

அன்பு மகள் ஒத்தீலிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் ஆடுகளும் நம் நாய் ரூபியும் அவள் ஈன்ற குட்டிகளும் கடவுள் புண்ணியத்தில் சுகம், அந்தக் குளிர் ஊரில் நீயும் சுகம் என்று ஒரு வரி வந்தால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். உன் அம்மா இன்னும் ஒகஹாண்ட்ஜாவில் உன் பெரியம்மா வீட்டில்தான் இருக்கிறாள், அவளுக்கு முறிந்த கால் எலும்பு கூடிவிட்டதாம், குச்சி ஊன்றி நடக்கிறாளாம், வியாழக்கிழமை வந்துவிடுவேன் என்கிறாள். மழையைக் காணோம். மேற்கே மேகம் கூடுகிறது, கலைகிறது, நானும் பார்க்க வெளியே போகிறேன், உள்ளே வருகிறேன், மறுபடி வெளியே போகிறேன். இந்த ஒன்றரை மாதமாக ஓரிடத்தில் உட்கார முடியவில்லை மகளே, நேற்று தேநீரில் உப்பைப் போட்டுக் குடித்தேன்.

எல்லாம் இந்தக் குட்டிகளால்தான். அவற்றுக்கு ஆறு வாரம் ஆனபோது ஆட்டு நோய் பரவுகிறது என்று நம் பக்கத்துப் பண்ணைகளின் வழியை ஐந்து வாரத்துக்கு அரசாங்கத்தார் அடைத்துவிட்டார்கள், வெளியாள் எவரும் பண்ணை வேலிக்குள் வரக்கூடாது, ஆடு வெளியே போகக்கூடாது. ஆட்டுக்குக் காவல் நிற்கப்போகிற நாய் ஆட்டு வாசனையிலேயே வளரவேண்டும், அது நம் பட்டியில் தானாக நடக்கிறது. ஆனால் மூன்று மாதத்துக்குள் விதவிதமான மனிதரையும் பார்த்துப் பழகவேண்டும், அதற்குப் பிறகு பார்த்தால் பயம் பிடித்துக்கொள்ளும், பிடித்த பயம் லேசில் போகாது. போன வருஷம் கவரி அம்மாவுக்கு நான் வளர்த்துக் கொடுத்த காவல் நாயைப் பற்றி உனக்கு எழுதவில்லை, எழுத மனம் வரவில்லை. உன் அம்மா வீட்டில் சாதாரண கவுனோடுதான் இருப்பாள், கவரி அம்மாவோ ஆட்டுக்குப் பின்னால் போகும்போதுகூடப் நம் பாட்டிமார் வழக்கப்படி பெரிய அங்கியும் மாட்டுக் கொம்பாக இருபக்கமும் நீட்டிக் கட்டிய தலைத்துணியுமாகத்தான் போவார். அதைக் கண்டு மிரண்டு ஓடிய நாயை மூன்றாம் நாள் புதருக்குள் கழுதைப்புலி தின்ற மிச்சமாகத்தான் எடுத்தார்கள். அந்த அம்மா வந்து வாசலில் நின்று, “கெர்சன், நீ நாய் குடுக்கலை, பயத்தைக் கயித்துல கட்டிக் குடுத்தே” என்றார். அதன்பின் அவர் ஆடுகளில் பாதியைச் சிவிங்கிப்புலி தூக்கிவிட்டது. இந்த வருஷமும் ஒரு குட்டி கேட்டிருக்கிறார், இதுவும் ஓடினால் பொறி வைத்துச் சிவிங்கியைச் சுட்டுத் தள்ளுவேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

வழி அடைத்துக் கிடக்கிறது, குட்டிகளுக்கு நாள் ஓடுகிறது, இருக்கிற ஒரே மனிதன் நான். என்ன செய்வேன்? சிரிக்காதே, உன் அம்மாவின் பெட்டியைத் திறந்து அந்தப் பழைய நீல அங்கியை எடுத்துப் போட்டுக்கொண்டேன், தலைத்துணியையும் கட்டினேன், ஒரு கொம்பு மேலேயும் ஒன்று கீழேயுமாகத்தான் வந்தது. பட்டிக்குள் போனதும் குட்டிகள் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் பாய்ந்தன, ஆடுகள் சிதறின, ரூபி என்னைப் பார்த்தே பல்லைக் காட்டினாள். புளித்த பால் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புழுதியில் அசையாமல் உட்கார்ந்தேன். நான்காம் நாள்தான் ஒன்று வந்து நக்கியது. எட்டாம் நாள் வேலிக்கு வெளியே போன பக்கத்துப் பண்ணை எராஸ்டஸ் என் முதுகைப் பார்த்து உன் அம்மா என்று நினைத்து, “ரெபெக்கா! எப்ப வந்தே, சொல்லவேயில்லையே!” என்று கத்தினான். திரும்பினேன். தாடியைக் கண்டதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்துச் சிரித்து உட்கார்ந்தேவிட்டான். “அண்ணே, கொம்பு உனக்கு எடுப்பாத்தான் இருக்கு, நடைதான் பொலிகாளை நடை!” என்றான். ஒருவரிடமும் சொல்லாதே என்று கெஞ்சினேன், அவனாவது சொல்லாமல் இருப்பதாவது.

மறுநாளே வேலிக்கு வெளியே அக்கம்பக்கத்துப் பண்ணைக் கூட்டம். பிள்ளைகள், கிழவர்கள், சைக்கிள்காரன், கொம்பும் அங்கியுமாகத் தேவாலயப் பெண்கள் என்று அத்தனை பேரும் கெர்சனின் பெண்டாட்டி வேஷத்தைப் பார்க்க வந்துவிட்டார்கள். எனக்கு மானம் போயிற்று, வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து ஜன்னல் வழியே பார்த்தால், குட்டிகள் கம்பிக்குள் மூக்கை நுழைத்துப் பிள்ளைகளின் விரலை நக்கிக்கொண்டிருக்கின்றன! எந்த மனிதர்களைக் காட்ட முடியவில்லையே என்று தவித்தேனோ அவர்களே தேடி வந்திருந்தார்கள். பிறகென்ன, மானத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தினமும் சாயங்காலம் அங்கியோடு வேலியோரம் நடந்தேன், கூட்டமும் தவறாமல் வந்தது.

ஆனால் கருங்காது என்று ஒரு பெட்டைக் குட்டி, அது மட்டும் வேலிப் பக்கமே வரவில்லை. ஆடுகளுக்கு நடுவே நின்றுகொண்டு பார்க்கும், அவ்வளவுதான். போன சனிக்கிழமை, வழி திறந்த மறுநாள், கவரி அம்மா வந்தார். ஆறு குட்டிகளும் ஓடிப்போய் அவர் அங்கியைக் கடித்து இழுத்தன, எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. அவரோ ஆட்டு மந்தையையே பார்த்துவிட்டு, “அந்தா ஆட்டை விட்டு நகராம நிக்குதே, அது வேணும்” என்றார். “அது வேண்டாம்மா, அங்கிக்குப் பயப்படும், போன வருஷம் மாதிரி ஆயிடும்” என்று உள்ளதைச் சொன்னேன். அவர் அந்த நல்ல அங்கியோடு அப்படியே புழுதியில் உட்கார்ந்தார். ஆடுகள் மேயப் போயின, குட்டியும் பின்னால் போயிற்று. வெயில் சாய்கிறவரை அவர் எழுந்திருக்கவில்லை, தண்ணீர் கொடுத்தேன், வாங்கிக் குடித்தார். ஆடுகள் திரும்பியபோது கருங்காது நின்றது, சுற்றி வந்தது, அங்கி ஓரத்தை முகர்ந்தது. அவர் கையை நீட்டவேயில்லை. அது பக்கத்தில் படுத்த பிறகுதான் என்னிடம் மெதுவாக, “போன வருஷம் வண்டியை விட்டு இறக்கினதும் இறக்காததுமா நான்தான் கழுத்துல சங்கிலி மாட்டப் பாஞ்சேன், கெர்சன். உன்கிட்டச் சொல்ல வெக்கமா இருந்துச்சு, பழியை உன் மேல போட்டுட்டேன்” என்றார். ஒரு வருஷப் பாரம் மகளே. எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை, கண்தான் கலங்கியது. கருங்காது ஒட்டிப் படுக்கிற வெள்ளாட்டுக் குட்டியையும் துணைக்கு வண்டியில் ஏற்றிவிட்டேன்.

அதன்பின்னும் எனக்கு நிலைகொள்ளவில்லை. ஓடியிருக்குமோ, தின்றதோ இல்லையோ என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சாலையைப் பார்த்தேன். இன்று காலையில்தான் எராஸ்டஸ் வழியாகக் கவரி அம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார்: “கெர்சன்கிட்டச் சொல்லு, இந்தக் கருங்காதுக் கழுதை என் அங்கி மேல தலையை வெச்சே தூங்குது, அஞ்சு நாளா துவைக்கப் போட முடியலை.”

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் கை தொட்ட நோயாளிகள் எழுந்து நடக்கட்டும். வேலைக்குப் போகுமுன் எதையாவது தின்றுவிட்டுப் போ, வெறும் காப்பியோடு ஓடாதே. எராஸ்டஸ் போனில் ஏதோ படம் எடுத்து வைத்திருக்கிறான், உனக்கு வந்தால் அம்மாவுக்கு அனுப்பிவிடாதே, நானே சமயம் பார்த்துச் சொல்லிக்கொள்கிறேன்.

உன்னையே நினைத்திருக்கும் அப்பா,
கெர்சன் ட்ஜிபோசா