ஒரு தட்டு குறைகிறது

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் கால் புண் எப்படி இருக்கிறது? விடுதியில் விளக்கணைத்த பிறகு, போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். பயப்பட ஒன்றுமில்லை.

நாளை அறிவியல் கண்காட்சி. தீங்கில்லாத ஒரு பாக்டீரியா சுரக்கும் சோப்பு போன்ற பொருளைத் துத்தநாக ஆக்சைடு நானோத் துகள்கள்மீது பூசி, புண்ணில் சீழ் வைக்கும் கிருமி வளரும் தட்டில் விட்டோம். அந்த இடத்தில் கிருமி வளரவே இல்லை. டீச்சர் பெருமையாகத் தலைமையாசிரியர் வரை சொல்லிவிட்டார். ஆனால் பூச்சை மட்டும் தனியாக ஒரு தட்டில் விட்டுப் பார்க்க நான் மறந்துவிட்டேன். கிருமியைக் கொன்றது துகளா, பூச்சா என்று இப்போது சொல்ல முடியாது.

பக்கத்துக் கட்டில்காரியிடம் சொன்னேன்.

“வாய மூடிட்டு நில்லுடி. யாரு கேக்கப் போறா?”

“எங்கம்மா கால்ல போடணும்னு ஆரம்பிச்சதுடி இது.”



டீச்சர் முகத்தை நினைத்தாலே பயமாக இருக்கிறது. ஆனாலும் காலையில் முதல் வேலையாகச் சொல்லிவிடுவேன். சோதனையை மறுபடியும் செய்வேன். நீங்கள் டாக்டர் கொடுத்த மருந்தையே விடாமல் போடுங்கள்.

உங்கள் தலையணை உறை ஒன்றை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம், உங்கள் வாசனை போய்விடும். அதிலுள்ள கிருமிகள் இருந்துவிட்டுப் போகட்டும்.

வார்டன் செருப்புச் சத்தம் கேட்கிறது.

உங்கள் மகள்